நான் வாசிக்காத ஆர்மோனியம்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. ஆறு வயதில் ஆர்மோனியம் வாசித்ததற்காக எனக்குக் கிடைத்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்பவே சங்கீதமெல்லாம் கற்றுக்கொண்டீர்களா டீச்சர் என்று வியப்பார்கள். போன மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் இசை கற்பதன் அருமை, வாழ்நாள் முழுக்கக் கற்பதன் பெருமை, இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டுமாம். இரண்டுக்கும் நானே பொருத்தமான ஆள் என்று அழைக்க வந்தவர் சொன்னார். முதலாவதற்குச் சாட்சி அந்தக் கிண்ணம். இரண்டாவதற்குச் சாட்சி, நான் இன்னும் உயிரோடு இருப்பதுதான் போலிருக்கிறது. எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வியைப் பற்றிப் பேசிப் பேசியே பொழுதைத் தின்றுவிட்டார்கள். என் முறை வந்தபோது சாப்பாட்டு மேசையில் மீ ஹூன் ஆறிக்கொண்டிருந்தது. சபையின் கண்ணெல்லாம் அதன்மேல்தான். வணக்கம் சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

புக்கிட் செலம்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணியாராக, அதாவது ஆபீஸ் தலைமைக் கணக்கராக, இருந்தார். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரை மறுபடியும் வந்து பங்களாவில் ஏறி உட்கார்ந்திருந்த காலம். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அப்பா தன் பள்ளிக்கூடச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாம்பிராணி காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டுவார். முருகனும் பிள்ளையாரும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

கல்வியைப் பற்றி அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மனித மூளை ஏழு வயது வரைக்கும் குழைத்த சிமெண்டு மாதிரி இருக்கும், அதற்குள் என்ன பதிக்கிறோமோ பதித்துவிட வேண்டும், பிறகு இறுகிவிடும் என்பார். இதை எங்கே படித்தார் என்று தெரியாது. அந்த வயதுக்கு முன்பே படித்திருக்க வேண்டும், அவர் கணக்குப்படி. பினாங்கிலிருந்து ஆபீசுக்குப் புதுத் தட்டச்சு இயந்திரம் ஒன்று வந்தபோது, துரை அதை அப்பாவின் மேசையில் வைத்தார். அப்பா அதற்கு அழகான துணி உறை ஒன்று தைக்கச் சொல்லி மூடிவைத்தார். சின்னக் கிராணி உறையைக் கழற்றித் தட்டுவார். அப்பா பக்கத்தில் நின்று பிழை சொல்லுவார்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பெண்ணுக்குப் பாட்டுத் தெரியுமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். தெரியும் என்று சொல்வதற்காகப் பெண்கள் பாட்டுப் படிப்பார்கள். கலியாணம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவும் அப்படித்தான் ஒரே ஒரு பாட்டை ஆர்மோனியத்தில் பழகி, பெண் பார்க்க வந்த அன்று வாசித்து, அப்பாவைப் பெற்றுக்கொண்டார். ஆர்மோனியம் சீதனத்தோடு கப்பலில் வந்தது. தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு பின்னல் துணியும், துணியின்மேல் ரேடியோவும் இருந்தன. ஆர்மோனியத்தை எடுத்து வாசிக்கப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தால், கிராணியம்மாவுக்கு என்ன குறை என்று தோட்டம் முழுக்க விசாரித்திருக்கும். கலியாணமான பெண் பாட்டுப் படிப்பதென்றால், முதலில் படித்ததில் ஏதோ பழுது என்றுதானே அர்த்தம்.

எனக்கு ஐந்து வயதானபோது தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது டிரசர் வந்தார். மருந்து கட்டுவதிலிருந்து பிரசவம் பார்ப்பதுவரை எல்லாம் அவர்தான். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண், இருபது வயதுக்கு மேல் இருக்காது. கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர். அவர்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம். நான் அவரை டிரசர் மாமி என்று கூப்பிடுவேன். அப்பாவின் சிமெண்டுக் கொள்கைப்படி எனக்கு இன்னும் கொஞ்சக் காலமே மிச்சம் இருந்ததால், உடனே என்னை அங்கே அனுப்ப முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. சுரங்கள் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும், பாட்டு வேண்டாம். பாட்டு என்று போனால் பிள்ளை மதம் மாறி வேதக்காரியாகிவிடுவாள் என்று அப்பா பயந்தார். ச ரி க ம சைவம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

வாரத்தில் சில பின்னேரங்களில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டு ஆர்மோனியத்தைத் தோட்டக்காரர் தலையில் சுமந்துபோய் டிரசர் மாமி வீட்டில் வைத்தார். ரேடியோவைத் தூக்கிப் பின்னல் துணியை எடுத்த அன்று, அம்மா அந்தப் பெட்டியைத் துடைத்த துடைப்பில் வாசல் படி வரைக்கும் எண்ணெய் வாசம் வந்தது. கரையான் அரிக்கவில்லை, கரையான் அரிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

முதல் நாளே ஒரு சிக்கல். தரையில் உட்கார்ந்தால் என் கை கட்டைகளுக்கு எட்டவில்லை. எட்டினாலும், ஒரு கையால் துருத்தியை அடித்து மறு கையால் வாசிக்க எனக்குத் தெம்பில்லை. டிரசர் மாமி பார்த்துவிட்டு, அக்கா, நீங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காற்றடியுங்கள் என்றார். அப்படியே வழக்கமாயிற்று. அம்மாவின் மடியில் நான். அம்மாவின் இடது கை துருத்தியில். என் வலது கை கட்டைகளில். அம்மாவின் வலது கைக்கு வேலையில்லாமல் என் இடுப்பைப் பிடித்திருக்கும். அங்கே கற்க வந்தது நான்; அம்மா வெறும் பலகை, நான் உட்கார. அதோடு காற்றடிக்கும் ஆள். அந்த அளவில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

எனக்கு ஆர்மோனியம் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. அதில் வால் சிவந்த மீன்குஞ்சுகள் இருந்தன. டிரசர் மாமி ச சொன்னால் எனக்கு மீன் ஞாபகம் வரும், ரி சொன்னாலும் அதுவே வரும். என் விரல் ஓயும்போது, இடுப்பிலிருந்த அம்மாவின் கை என் அக்குள் வழியாக மெதுவாக முன்னால் வந்து, நான் விட்ட சுரத்தை எடுத்து வைக்கும். கொஞ்ச நாளில் நான் எதையும் எடுக்காமலே விட ஆரம்பித்தேன். இன்னும் கொஞ்ச நாளில், மடியிலிருந்து நழுவிக் கால்வாய்க்குப் போய்விடுவேன். யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. கரையில் குந்திக்கொண்டு மீன் பிடிக்கும்போது பின்னாலிருந்து ஆர்மோனியம் கேட்கும். ஆரம்பத்தில் அது நொண்டியது. பிறகு நடந்தது. ஒரு மழைக்காலம் கழிந்தபோது, அது வேறு யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. சுரத்தோடு நிற்கவும் இல்லை. மாமி தேவாலயத்துக் கீர்த்தனைகளை ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குத் தோட்டத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்ததால் அதற்குப் பிறகு யாரும் வெளியில் நடமாடக் கூடாது. அதற்குள் வீடு சேர வேண்டும். அம்மா என்னைக் கால்வாயிலிருந்து தூக்கி, பாவாடையைப் பிழிந்து, வேகமாக நடப்பார். நடக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வருவார். அந்த வேளையில் அவரிடம் என்ன கேட்டாலும் கிடைக்கும்.

ஆபீஸ் ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஒரு திடல் தள்ளி இருந்தது. பின்னேரம் கணக்குகளை மூடிக்கொண்டிருக்கும் அப்பாவின் காதில் ஆர்மோனியம் விழும். மகள் போயிருக்கிறாள், ஆர்மோனியம் கேட்கிறது, ஆகவே மகள் வாசிக்கிறாள். சிமெண்டு பிடித்துவிட்டது என்று அப்பா பூரித்துப்போனார். சின்னக் கிராணியிடம் சொன்னார், மரவெட்டை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டரிடம் சொன்னார், துரையிடமும் இங்கிலீஷில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணிக்குப் போய், எங்கள் ஆட்களின் சங்கத்தில் உட்கார்ந்து, எல்லாரிடமும் சொன்னார். சங்கத் தலைவர் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் ஊறியவர் என்று பெயர். உங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசைக்கு வந்து நேரிலேயே கேட்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா இதை அறிவித்தபோது அம்மா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். அதோடு அப்பா இன்னொன்றையும் சொன்னார். "பூசையில பிள்ளை வாசிச்சுப் போட்டால் காணும், அதோட போதும். பிறகு பள்ளிக்கூடப் படிப்பைப் பாக்கட்டும். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வையும்."

பானையை இறக்கிய அம்மா அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் நன்றாக வாசித்தால், கற்று முடிந்தது என்று பாடம் நின்றுவிடும். மோசமாக வாசித்தால், வீண் வேலை என்று நின்றுவிடும். எப்படியும் ரேடியோ மறுபடி ஆர்மோனியத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அன்று எனக்கு இது விளங்கவில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிட மறந்துவிட்டார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பூசை நாள் வந்தது. கூடத்தில் பாய் விரித்து, புத்தகங்களை அடுக்கி, சந்தனம் வைத்து, அப்பாவின் சான்றிதழையும் அன்றைக்கு ஆணியிலிருந்து இறக்கிப் புத்தகங்களோடு சேர்த்திருந்தார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து கார்களில் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஓரத்தில். டிரசரும் மாமியும் கிறிஸ்தவர்களானாலும் அழைப்புக்கு மரியாதை கொடுத்து வந்து வாசலருகே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். அம்மா ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்து என்னை மடியில் ஏற்றிக்கொண்டார். முன்னாலிருந்து பார்த்தால் நானும் ஒரு சேலையும்தான் தெரிந்திருப்போம்.

நான் சரளி வரிசையை ஆரம்பித்தேன். மேலே போனேன். கீழே இறங்கும்போது ஒரு கட்டையில் கால் வழுக்கியதுபோல் விரல் வழுக்கிற்று. சங்கத் தலைவர் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். துருத்தியில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் இஸ்திரி போட்ட சட்டைபோல் ஆகிவிட்டது.

அப்போது அம்மாவின் வலது கை என் இடுப்பை விட்டது. அக்குள் வழியாக முன்னால் வந்தது. பின்னேரங்களில் போகும் பாதையிலேயே அந்தக் கை போயிற்று. விட்ட சரளியை எடுத்து ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு, நிற்காமல், தனக்கு நன்றாகத் தெரிந்ததற்குப் போய்விட்டது. டிரசர் மாமி சொல்லிக்கொடுத்த இயேசு சுவாமி கீர்த்தனை, முதலிலிருந்து கடைசி வரை. என் முதுகில் அம்மாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கை ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்ததால் தலையை ஆட்டினேன்.

சபையும் தலையை ஆட்டியது. ஆர்மோனியத்துக்கு வாய் கிடையாது என்பது எவ்வளவு பெரிய வசதி. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு சைவக் கூட்டம் முழுதும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் ராகத்தின் பெயரைச் சொல்லி, பக்கத்திலிருந்தவருக்கு அது அம்பாள்மீது பாடிய பாட்டு என்று விளக்கினார். வாசலருகே டிரசர் மாமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிற்று.

பாட்டு முடிந்ததும் தலைவர் எழுந்தார். வளையல் போட்ட ஒரு கை கட்டைகளில் ஓடியதை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு நீளமான கை இருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிராணியாரின் மனைவி சபையில் வாசித்தார் என்று ஆகிவிட்டால், அதைப் பற்றி ஏதாவது நினைக்க வேண்டிவரும். பிள்ளை வாசித்தது என்றால் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். அவர்கள் கைதட்டினார்கள். இந்த வயதில் இந்த ஞானம் போன பிறவியின் புண்ணியம், பயிற்சியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று தலைவர் சொல்லி, வெள்ளிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். பெண்களில் ஒருவர் அம்மாவிடம் வந்து, இவ்வளவு நேரம் பிள்ளையை வைத்திருந்தீர்களே, கால் மரத்துப்போகவில்லையா என்று அன்பாக விசாரித்தார்.

கார்கள் போன பிறகு அப்பா சான்றிதழை மறுபடி ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது. சரி செய்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "பிள்ளை நல்லா வாசிச்சவ" என்றார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "வாற கிழமையும் கூட்டிக்கொண்டு போம்" என்று அப்பா சொல்லிவிட்டு, குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் சங்கீதக் கல்வி தடையில்லாமல் நடந்தது. மீன்கள் பெருகின. எனக்குப் பத்து வயதானபோது வேறு இடைஞ்சல் வந்தது. நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று என்னை அலோர் ஸ்டாரில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். மடியில் வைக்கப் பிள்ளை இல்லாமல் அம்மா எப்படிப் பாடத்துக்குப் போவது? யோசித்து ஒரு நாள் அப்பாவிடம் சொன்னாராம். "பிள்ளை மறந்து போவாள். நான் போய் அவளுக்காகக் கேட்டு வைக்கிறன். லீவுக்கு வரேக்க சொல்லிக்குடுக்கலாம்." அப்பா அதற்கு ஓம் என்று சொன்னார். கற்கும் பிள்ளை ஐம்பது மைல் தள்ளி இருக்க, காற்றடிப்பவர் மட்டும் ஒழுங்காக வகுப்புக்குப் போன அதிசயம் எங்கள் தோட்டத்தில்தான் நடந்தது.

பிறகு டிரசருக்கு ஜித்ரா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. அம்மா மகளைப் பார்க்கப் போகிறேன் என்று புறப்படுவார். பஸ் ஏறி அலோர் ஸ்டாருக்கு வந்து, பள்ளிக்கூடக் கேட்டில் என்னைக் கூப்பிட்டு, முறுக்கு டின்னைக் கையில் கொடுத்து, தலையைத் தடவி, நன்றாகப் படி என்பார். கண் மட்டும் ரோட்டில் இருக்கும். ஜித்ரா பஸ் தெரிந்ததும் போய்விடுவார். எனக்கு ஆத்திரமாக வரும். எந்தப் பிள்ளைக்காவது ஆர்மோனியம் சக்களத்தியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது. முறுக்கை யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பெண்ணுக்குப் பாட்டுத் தெரியுமா என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்து இன்றுவரை விடாமல் படிக்கிறாள் என்று அப்பா சொன்னார். வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினார். வாசிக்கச் சொல்லாமல் விட்டது என் புண்ணியம். கலியாணமாகிப் பினாங்குக்குப் போய், டீச்சராகி, நானும் பிள்ளைகளைப் பெற்றேன். அப்பா ஓய்வு பெற்றுச் சுங்கை பட்டாணியில் ஒரு தெருவில் வீடு எடுத்தார். அங்கே ஆர்மோனியம் கூடத்தின் நடுவில் இருந்தது. ரேடியோவுக்குத் தனியாக மேசை போட்டிருந்தார்கள். டிரசர் மாமி தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால், அம்மா ரேடியோவில் கேட்பதைப் பிடித்துப் பிடித்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல்தான் அவருக்குக் கை நன்றாக ஓடியது என்று நினைக்கிறேன். சிமெண்டைப் பற்றி அப்பா பேசுவதை எப்போதோ விட்டிருந்தார்.

ஒரு பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தேன். என் தலையிலும் நரை வந்திருந்த காலம். அம்மா என்னைப் பார்த்து, "உனக்காகக் கேட்டு வைச்சது கனக்கக் கிடக்கு. எப்ப வந்து எடுக்கப் போறாய்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இப்போதே எடுக்கிறேன் என்று பாயில் போய் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு எதிரில் உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டைகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, துருத்தியை என் கையில் கொடுத்தார். முதலில் காற்றடித்துப் பழகு, மற்றதெல்லாம் பிறகு என்றார். அவருக்கு மணிக்கட்டில் வலி வந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் காற்றடிக்க, அம்மா வாசித்தார். துருத்தியை ஒரே சீராக அடிப்பது அவ்வளவு லேசில்லை. அவசரப்பட்டால் சத்தம் குத்தும், தூங்கினால் பாட்டு அழும். நான் தடுமாறும்போதெல்லாம் அம்மா நாக்கைத் தட்டிச் சரி பண்ணினார்.

பாட்டின் நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் எட்டிப் பார்த்தார். அவரும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, டெய்லி ஒங்க வாசிப்பக் கேட்டுக்கிட்டேதான் சமைப்பேன்லா. அங்கிள்தான் சொன்னாரு, மக வாசிக்குதுன்னு."

நான் பினாங்கில் இருக்கிறேன் என்பது தெரு முழுக்கத் தெரியும், அவருக்கும்தான்; பெரியவர் சொன்னதை யார் மறுப்பார்கள். தினமும் வாசிப்பது யார் என்று யாராவது கேட்டால், மகள் என்றே அப்பா அன்றுவரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். எனக்கு வாயில் சட்டென்று ஒரு பொய்யும் வரவில்லை. அம்மா கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

"அவ இல்லை, பிள்ளை. நான்தான் வாசிக்கிறது."

பேப்பர் மெதுவாக இறங்கியது. அப்பா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஓம், இவதான்" என்றார். "அண்டைக்கும் இவதான் வாசிச்சவ."

என்றைக்கு என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. சரி அங்கிள் என்று சொல்லி, கொண்டுவந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் துருத்தியை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விட்ட இடத்துக்கே விரலைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய்" என்றார் அம்மா. "காத்தை அடி."